சதுரங்கச் செய்திக்கும் திருத்தம் வேண்டும்: நாளிதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இராமநாதபுரம் மாவட்டப் பதிப்பு வெளியிடும் தமிழ் நாளிதழ்களின் ஆசிரியர்கள், விளையாட்டுப் பக்கப் பொறுப்பாளர்கள், பகுதி நிருபர்கள்

ஐயா, அம்மையீர்,

இந்தக் கோடை விடுமுறையில் எங்கள் கடற்கரையில் நடந்த சதுரங்கப் போட்டி ஒன்றைப் பற்றி மாவட்டப் பதிப்பில் ஆறு வரிச் செய்தி வந்தது. சர்வதேச சதுரங்கப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் எதிராளியைச் செக்மேட் செய்து பள்ளி மாணவர் பட்டம் வென்றார், அவருக்கு ரூ.1 லட்சம் பரிசு கிடைத்தது, அவர் தரவரிசையில் 1,540வது இடத்தில் இருக்கிறார் என்பது செய்தி.

அது சர்வதேசப் போட்டி இல்லை. அதில் இறுதி ஆட்டம் என்று ஒன்று கிடையாது. கடைசிச் சுற்றில் அந்த மாணவர் டிரா செய்தார். செக்மேட் நடக்கவே இல்லை. ரூ.1 லட்சம் என்பது போட்டியின் மொத்தப் பரிசுத் தொகை. 1,540 என்பது அவருடைய ரேட்டிங், அதாவது ஆட்டத்திறனுக்கான மதிப்பெண். ஆறு வரியில் ஐந்து பிழை. போதாக்குறைக்கு மாணவர் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்தும் இல்லை.

திருத்தம் கேட்டோம். பெயரும் படமும் வந்துவிட்டன, சதுரங்கத்துக்கெல்லாம் திருத்தம் போடும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க முடியாததால்தான் இந்த மடல்.

'சர்வதேச' என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறோம். அது எப்படி உள்ளே வருகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். போட்டி நடத்துகிறவர்கள் பேனரில் 'சர்வதேச ஃபிடே ரேட்டிங் செஸ் போட்டி' என்று அச்சடிக்கிறோம். அந்த 'சர்வதேச' ரேட்டிங்கைச் சேர்ந்தது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே இந்த ஆட்டங்களைத் தன் ரேட்டிங் கணக்கில் சேர்க்கும் என்பது மட்டுமே அதன் பொருள். செய்தியில் நடுவில் இருக்கும் இரண்டு சொல்லும் உதிர்ந்து 'சர்வதேச செஸ் போட்டி' ஆகிவிடுகிறது. கல்யாண மண்டபத்தில், அக்கம்பக்கத்து மாவட்டப் பிள்ளைகள் ஆடிய போட்டி, இந்தியாவின் சார்பில் தேர்வாகி வெளிநாட்டில் ஆடிய போட்டிபோல் ஆகிவிடுகிறது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். பாம்பனிலும் மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் பிள்ளையின் பெயர் வந்த செய்தியைக் கத்தரித்து லேமினேட் செய்து வைக்காத வீடு குறைவு. கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழோடு அந்தத் துண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சான்றிதழில் '1,600க்குக் கீழ் ரேட்டிங் போட்டி' என்றும், பத்திரிகைத் துண்டில் 'சர்வதேசப் போட்டி' என்றும் இருந்தால் சரிபார்க்கும் அலுவலர் எதைச் சந்தேகப்படுவார்? பிள்ளையைத்தான். நியாயமாக வென்ற கோப்பைக்கே விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வருகிறது. பத்திரிகை எழுதியது, நாங்கள் எழுதச் சொல்லவில்லை என்று அந்தத் தகப்பன் எத்தனை மேசையில் சொல்லிக்கொண்டிருப்பார்?

பரிசுத் தொகையும் அப்படித்தான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் சதுரங்கப் போட்டிகளும் அதே நாட்களில்தான். வருமானம் இல்லாத மாதத்தில் நுழைவுக் கட்டணத்தைப் புரட்டிக் கட்டிய வீட்டுக்கு ரூ.1 லட்சம் வந்ததாகச் செய்தி போனால், மறுநாள் காலையில் கடன் கொடுத்தவர் வாசலில் நிற்பார். மொத்தப் பரிசுத் தொகை பல இடங்களுக்கும் வயதுப் பிரிவுகளுக்கும் பிரிந்து போகும். முதல் பரிசு அதில் ஒரு பங்குதான். "முதல் பரிசு எவ்வளவு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

அடுத்தது 'இறுதி ஆட்டம்'. கபடியிலும் கால்பந்திலும் தோற்றவர் வெளியேறுவார். கடைசியில் மிஞ்சும் இருவர் மோதுவது இறுதிப் போட்டி. திறந்த சதுரங்கப் போட்டிகள் பெரும்பாலும் ஸ்விஸ் முறையில் நடக்கின்றன. 200 பேர் வந்தாலும் 200 பேரும் எல்லாச் சுற்றுகளிலும் ஆடுவார்கள். வென்றால் 1 புள்ளி, டிராவுக்கு அரைப் புள்ளி. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்களை ஜோடி சேர்ப்பார்கள். ஒருமுறை மோதியவர்கள் மறுபடி மோதுவதில்லை. ஒன்பது சுற்று முடிந்ததும் அதிகப் புள்ளி எடுத்தவர் முதலிடம். இதில் காலிறுதி, அரையிறுதி எதுவும் இல்லை. முதலிடம் பெற்றவரும் இரண்டாமிடம் பெற்றவரும் கடைசிச் சுற்றில் வேறு வேறு போர்டில் இருந்திருக்கலாம். முன்னணியில் இருப்பவர் கடைசிச் சுற்றில் டிரா செய்தோ, சில நேரம் தோற்றோகூடக் கோப்பை வாங்கலாம்.

நாங்கள் சொல்லும் போட்டியில் இரண்டு பேர் 9க்கு 8 புள்ளி எடுத்திருந்தார்கள். அப்படிச் சமமாகும்போது 'டைபிரேக்' பார்ப்பார்கள். பரவலாக இருப்பது புக்ஹோல்ட்ஸ் முறை. ஒருவர் யார் யாரோடு ஆடினாரோ அவர்கள் எல்லாரும் அந்தப் போட்டியில் எடுத்த புள்ளிகளைக் கூட்டுவது. ஒருவருக்கு அந்தக் கூட்டல் 52, மற்றவருக்கு 49.5 என்று வந்தால், 52 வந்தவர் பலமான எதிராளிகளைத் தாண்டி வந்தவர், அவருக்கே முதலிடம். சமப் புள்ளி எடுத்து இரண்டாமிடம் பெற்ற சிறுமி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. 'இறுதி ஆட்டத்தில் வீழ்த்தினார்' என்ற ஒற்றை வரி, அவள் தோற்றதாக ஊருக்குச் சொல்லிவிட்டது. இருவரும் கடைசிச் சுற்றில் மோதவே இல்லை. அந்தச் சிறுமியின் பெயரும் செய்தியில் இல்லை.

ரேட்டிங், தரவரிசை. இந்த இரண்டும் குழம்பாத செய்தியைப் பார்ப்பது அரிது. ரேட்டிங் என்பது ஆட்டத்திறனுக்கான மதிப்பெண். தரவரிசை என்பது அந்த மதிப்பெண்படி அடுக்கினால் கிடைக்கும் இடம். முதலாவதில் எண் கூடக்கூட நல்லது, இரண்டாவதில் குறையக்குறைய நல்லது. உலகத் தரவரிசையில் 1,540வது இடம் என்றால் அது இன்டர்நேஷனல் மாஸ்டர் மட்டத்தில் ஆடும் ஒருவருடைய இடம். 1,540 ரேட்டிங் என்பது ஒழுங்காகப் பயிற்சி செய்யும் ஒரு பள்ளிப் பிள்ளையின் நல்ல நிலை. இந்த முறையை வகுத்தவர் ஆர்பாட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர். அது ஆள் பெயர். சுருக்கெழுத்து என்று நினைத்து 'இ.எல்.ஓ.' என்று புள்ளி வைத்து அச்சடிப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம், எழுதுகிறவர்களுக்குப் பயன்படும். 1,500 ரேட்டிங் உள்ள 15 வயதுப் பிள்ளை 1,700 உள்ளவரோடு ஆடினால், அட்டவணைப்படி அந்தப் பிள்ளையிடம் எதிர்பார்க்கப்படுவது 0.24 புள்ளி. வென்றுவிட்டால் 1இலிருந்து 0.24ஐக் கழிக்க 0.76. 18 வயது வரை, ரேட்டிங் 2,300க்குக் கீழ் இருந்தால் பெருக்க வேண்டிய எண் 40. ஆக 30.4 புள்ளி கூடும். அதே பிள்ளை 1,900 உள்ளவரோடு டிரா செய்தால் எதிர்பார்ப்பு 0.08, கிடைத்தது 0.5, வித்தியாசம் 0.42. கூடுவது 16.8 புள்ளி. 'டிரா செய்து ஏமாற்றம்' என்று நீங்கள் தலைப்புப் போடும் ஆட்டம், கருப்புக் காயோடு உட்கார்ந்து நான்கு மணி நேரம் தாக்குப்பிடித்து எடுத்த அந்தப் பிள்ளையின் சிறந்த ஆட்டமாக இருக்கலாம். எதிராளியின் ரேட்டிங்கைக் கேட்காமல் டிராவைப் பற்றி நல்லதோ கெட்டதோ எழுதக் கூடாது.

இன்னொன்று. 2024 மார்ச் மாதம் ஃபிடே, 2,000க்குக் கீழ் இருந்த எல்லாருடைய ரேட்டிங்கையும் ஒரே தடவையில் உயர்த்தியது. 2,000க்கு எவ்வளவு குறைவோ அதில் நாற்பது சதவீதம் கூட்டப்பட்டது. 1,200 இருந்தவர் 1,520 ஆனார். குறைந்தபட்ச ரேட்டிங்கும் 1,400 ஆனது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்து 'ஒரே பாய்ச்சலில் 320 புள்ளி' என்று எழுதினால் அது செய்தி ஆகாது. 2024க்கு முந்தைய எண்ணோடு ஒப்பிடும்போதெல்லாம் இதை நினைவில் வையுங்கள்.

உள்ளூர்ச் செய்தியை விடுங்கள், அது பகுதி நிருபர் அவசரத்தில் அனுப்புவது என்று சமாதானம் சொல்லலாம். உலகச் செய்தியிலும் இதே பிழைகள்தான் வருகின்றன.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை வென்று குகேஷ் உலக சாம்பியன் ஆனார். மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர். அதை முழுவதும் குகேஷ் வாங்கியதாக எழுதினால், எங்கள் ஊர் மாணவருக்கு ரூ.1 லட்சம் கொடுத்த அதே தவறுதான். விதி எளிது: ஒவ்வொரு வெற்றிக்கும் 2 லட்சம் டாலர், மிச்சம் இருவருக்கும் சரிபாதி. குகேஷ் 3 ஆட்டம் வென்றார், டிங் 2 ஆட்டம், ஒன்பது டிரா. வெற்றிகளுக்கு 10 லட்சம் போக மிச்சம் 15 லட்சம். ஆக குகேஷுக்கு 13.5 லட்சம், டிங்குக்கு 11.5 லட்சம். 7.5–6.5 என்ற முடிவும் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. இவ்வளவையும் நான்கு வரியில் சொல்லிவிடலாம்.

அந்தப் போட்டியின் கடைசி ஆட்டமான பதினான்காவது ஆட்டத்திலும் செக்மேட் இல்லை. வெள்ளைக் காயோடு ஆடிய டிங் 55வது நகர்வில் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்து, யானைக்கு யானை மாற்றிக்கொள்ளலாம் என்றார். குகேஷ் மாற்றினார், உடனே தன் மந்திரியையும் (குறுக்கே போகும் காய்) மாற்றச் சொல்லி எதிரே வைத்தார். டிங்கின் மந்திரி பலகையின் மூலையில் மாட்டிக்கொண்டிருந்தது, ஒதுங்க இடமில்லை. இரண்டு மாற்றமும் முடிந்தபோது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சின. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். 58வது நகர்வோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். உயர்மட்ட ஆட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். ஐந்து மணி நேரமாக டிரா என்று எல்லாரும் நினைத்த ஆட்டம் ஒரே ஒரு காய் மாற்றத்தில் சாய்ந்ததை எழுதாமல், 'செக்மேட்' என்று கொட்டை எழுத்தில் போடுவதால் வாசகருக்கு என்ன கிடைத்தது?

'உலகின் மிக இளைய உலக சாம்பியன்' என்பதிலும் ஒரு சொல் தவறிப்போகிறது. போட்டியாக இன்னொரு பட்டம் இல்லாத, ஒரே உலகப் பட்டத்தை வென்றவர்களில்தான் குகேஷ் மிக இளையவர். அதற்கு முன் 1985இல் 22 வயதில் வென்ற காஸ்பரோவ் இருந்தார். உலகப் பட்டம் இரண்டாகப் பிளந்திருந்த காலத்தில், 2002 ஜனவரியில், உக்ரைனின் பொனோமரியோவ் ஃபிடேயின் பட்டத்தை 18 வயது 3 மாதத்தில் வென்றார். குகேஷ் வென்றபோது அவருக்கு 18 வயது 6 மாதம். குகேஷின் சாதனை இதனால் ஒரு மயிரிழையும் குறையாது. சரியாக எழுதினால்தான் அது யாரும் கேள்வி கேட்க முடியாத சாதனையாக நிற்கும்.

கார்ல்சன் 2013இல் சென்னையில் ஆனந்தை வென்று உலக சாம்பியன் ஆனவர். 2023இல் நடந்த சாம்பியன்ஷிப்பில் பட்டத்தைக் காக்க ஆட மறுத்து விலகிவிட்டார். அதன்பின் அவர் உலகின் முதல்நிலை வீரர், உலக சாம்பியன் அல்லர். 2025 ஜூனில் நார்வேயில் குகேஷ் அவரை வென்றபோது சாம்பியன் குகேஷ்தான். 'உலக சாம்பியனை வீழ்த்திய குகேஷ்' என்று எழுதினால் அவர் தன்னைத்தானே வீழ்த்தினார் என்றாகும். அன்று கார்ல்சன் மேசையில் குத்திய படம் எல்லா இடத்திலும் வந்தது. வெற்றி நிலையில் இருந்தவர் நேர நெருக்கடியில் எப்படிக் கோட்டை விட்டார் என்பது எத்தனை இடத்தில் வந்தது?

உலகக் கோப்பை வேறு, உலக சாம்பியன்ஷிப் வேறு. 2023இல் பாகுவில் பிரக்ஞானந்தா இறுதிவரை போனது உலகக் கோப்பை. அதில்தான் உண்மையாகவே அரையிறுதியும் இறுதியும் உண்டு. கோனேரு ஹம்பி 2019இலும் 2024இலும் வென்றது மகளிர் உலக ரேபிட் பட்டம். ஒருவருக்கு 10 நிமிடத்துக்கு மேல், 60 நிமிடத்துக்குள் என்றால் ரேபிட். 10 நிமிடமோ அதற்குக் குறைவோ என்றால் பிளிட்ஸ். 60 நிமிடமோ அதற்கு மேலோ என்றால் கிளாசிகல். மூன்றுக்கும் தனித்தனி ரேட்டிங். 2022 பிப்ரவரியில் பிரக்ஞானந்தா கார்ல்சனை வென்றது இணையவழி ரேபிட் ஆட்டம். கிளாசிகலில் வென்றது 2024 மே மாதம் நார்வேயில். இந்த இரண்டாவது வெற்றி எவ்வளவு பெரியது என்பது, முதலாவதை அளவோடு எழுதியிருந்தால்தான் வாசகருக்குப் புரிந்திருக்கும்.

பட்டங்கள். கேண்டிடேட் மாஸ்டருக்கு 2,200, ஃபிடே மாஸ்டருக்கு 2,300 ரேட்டிங் எட்ட வேண்டும். இன்டர்நேஷனல் மாஸ்டருக்கு 2,400, கிராண்ட்மாஸ்டருக்கு 2,500. இந்த இரண்டுக்கும் ரேட்டிங்கோடு நார்ம்களும் வேண்டும், வழக்கமாக மூன்று. நார்ம் என்பது ஒரு போட்டி முழுவதும் அந்தத் தரத்தில் ஆடியதற்கான அத்தாட்சி. 'முதல் நார்ம் பெற்றார்' என்பதைக் 'கிராண்ட்மாஸ்டர் ஆனார்' என்று எழுதினால் அந்தப் பிள்ளை இன்னும் நடக்க வேண்டிய தூரத்தை மறைக்கிறீர்கள். மாறாக வைஷாலியை 'மகளிர் கிராண்ட்மாஸ்டர்' என்று எழுதினால் குறைத்து எழுதுகிறீர்கள். மகளிர் கிராண்ட்மாஸ்டர் 2,300 ரேட்டிங்குக்கான தனிப் பட்டம். வைஷாலி 2023 டிசம்பரில் 2,500ஐத் தாண்டினார். ஆண்களுக்கு உள்ள அதே கிராண்ட்மாஸ்டர் பட்டம் அவருடையது. இந்தியப் பெண்களில் அதைத் தொட்டவர்கள் ஹம்பி, ஹரிகா, வைஷாலி, 2025இல் திவ்யா தேஷ்முக். ஒன்பது வயதுக் கிராண்ட்மாஸ்டர் என்று யாராவது செய்தி கொண்டுவந்தால் அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்: உலகச் சாதனையே அபிமன்யு மிஸ்ராவின் 12 வயது 4 மாதம்.

பெயர்கள். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும். டிங் லிரெனைச் சுருக்கினால் 'டிங்'. 'லிரென் தோல்வி' என்று போடுவது தவறு. பிரக்ஞானந்தாவின் தந்தை ரமேஷ்பாபு, பயிற்சியாளர் ஆர்.பி.ரமேஷ்; இவர்கள் இரண்டு பேர். நம் ஊர்ப் பெயர்களுக்கு வந்தால் தலைப்பெழுத்துதான் உயிர். ஒரே போட்டியில் மூன்று அந்தோணி, நான்கு முகமது, இரண்டு முனியசாமி இருக்கும் கடற்கரை இது. தலைப்பெழுத்தும் ஊரும் இல்லாத பெயர் யாருடைய பெயரும் இல்லை.

படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. இரு பக்கமும் உட்காருகிறவருக்கு வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்க வேண்டும். வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்தில், கருப்பு ராணி கருப்புக் கட்டத்தில். சிறப்பு விருந்தினர் காய் நகர்த்தித் தொடங்கிவைக்கும் படத்தில் பலகை திரும்பிக் கிடந்தால் எட்டு வயதுப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். படம் எடுக்கும் முன் மூலையை மட்டும் பார்த்தால் போதும். கடைத்தெருவில் விற்கும் காலிக் கூடுபோன்ற பிளாஸ்டிக் காய்களை வைத்து எடுக்க வேண்டாம். பாம்பன் காற்றுக்கு அவை நிற்காது, சாய்ந்த காயை யாரோ இடம் மாற்றி வைப்பார்கள், அது அப்படியே அச்சாகும்.

படத்தைவிடப் பெரிய சிக்கல், ஆட்டம் நடக்கும்போது பிள்ளையை வெளியே கூப்பிடுவது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், நடுவர் அனுமதி இல்லாமல் ஆட்ட அரங்கை விட்டு வெளியேறுவது விதிமீறல். பேட்டிக்காகக் கையில் செல்போனைக் கொடுத்தால் இன்னும் மோசம். ஆடுபவரிடம் அனுமதியில்லாத மின்னணுக் கருவி இருந்தாலே அந்த ஆட்டம் தோல்வியாக அறிவிக்கப்படலாம். நல்லெண்ணத்தோடு வரும் நிருபரால் ஒரு பிள்ளை ஆட்டத்தை இழக்கக் கூடாது. ஆட்டம் முடிந்து, இருவரும் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள்.

எங்களை அதிகம் வருத்துவது ஆட்டக் குறிப்புகளில் வரும் பிழை. மதுரைக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், சென்னைக்கு ஓர் இரவு ரயில். நேரில் பயிற்சியாளர் கிடைக்காத ஊரில், பத்திரிகையில் வரும் ஒரு ஆட்டம்தான் பல பிள்ளைகளுக்குப் பாடம். பள்ளி விட்டு வந்து, தரையில் ரெக்சின் போர்டை விரித்து, நகர்வுகளை ஒவ்வொன்றாக ஆடிப்பார்ப்பார்கள். அச்சில் 'டி3' என்று இருக்கிறது. சிப்பாயை டி3க்கு நகர்த்துகிறது பிள்ளை. அடுத்து 'மந்திரி ஜி2' என்று இருக்கிறது. ஜி2 கட்டத்தில் தன் சிப்பாயே நிற்கிறது, மந்திரி எப்படிப் போகும்? தான்தான் தப்பாக வைத்துவிட்டோம் என்று பிள்ளை முதல் நகர்விலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். மூன்றாம் தடவை போர்டைச் சுருட்டி வைத்துவிடும். உண்மையில் அது 'ஜி3'. தொலைபேசியில் சொல்லி எழுதும்போது பி, சி, டி, ஜி எல்லாம் ஒரே மாதிரிக் கேட்கும். ஒரு எழுத்து மாறினால் அதற்குப் பிறகுள்ள ஆட்டம் முழுவதும் வீண். 'குதிரை டி2' என்று மட்டும் போடுவதும் இப்படித்தான். பி1இல் உள்ள குதிரையும் எஃப்3இல் உள்ள குதிரையும் டி2க்குப் போக முடியுமென்றால் எந்தக் குதிரை என்று சொல்ல வேண்டும்.

காய்களின் பெயரிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரே கட்டுரையில் மேலே 'யானை', கீழே 'கோட்டை'. இரண்டும் ஒரே காய் என்று புதிதாகக் கற்பவருக்கு எப்படித் தெரியும்? பழைய ஆட்டத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றது மந்திரி; பெரியவர்கள் சிலருக்கு இன்றும் மந்திரி என்றால் ராணிதான். இன்றைய பிள்ளைகளுக்கு மந்திரி என்றால் குறுக்கே போகும் காய். மொழிபெயர்க்கிறவர் யோசிக்காமல் ஒரு சொல்லைப் போட்டால், மந்திரியைக் கொடுத்த ஆட்டம் ராணியைக் கொடுத்த ஆட்டமாகிவிடும்.

பக்கத்து மாவட்டத்துக் கீழடியில் சுடுமண் ஆட்டக்காய்கள் கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. அதற்காக அவை சதுரங்கக் காய்கள் என்று உறுதியாக எழுதிவிடக் கூடாது. காயின் வடிவத்தை மட்டும் வைத்து எந்த ஆட்டம் என்று சொல்ல முடியாது. சதுரங்கத்தின் தொடக்கத்துக்கு அறிஞர்கள் காட்டும் காலம் பொது ஆண்டு 6ஆம் நூற்றாண்டை ஒட்டியது. கீழடி அதைவிட மிகப் பழையது.

2022இல் மாமல்லபுரத்தில் 44வது ஒலிம்பியாட் நடந்தபோது நீங்கள் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். அதைப் பார்த்துத்தான் எங்கள் ஊர்களில் போர்டு வாங்கியவர்கள் பலர். உங்கள் எழுத்துக்கு அந்தப் பலம் உண்டு என்பதால்தான் இவ்வளவையும் உங்களிடம் சொல்கிறோம். எங்கள் கோரிக்கைகள் இவை.

அந்த ஆறு வரிச் செய்திக்கான திருத்தம், அதே பக்கத்தில், அதே அளவில் வர வேண்டும். போட்டியின் சரியான பெயர், முதல் பரிசுத் தொகை, மாணவரின் தலைப்பெழுத்து, சமப் புள்ளியோடு இரண்டாமிடம் பெற்ற சிறுமியின் பெயர் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். இனி வரும் சதுரங்கச் செய்திகளுக்கும், மற்ற செய்திகளுக்குப் போடுவதுபோல் திருத்தம் போட வேண்டும்.

செய்தி அனுப்பும் முன் நிருபர்கள் தலைமை நடுவரிடம் பேச வேண்டும். என்ன வகைப் போட்டி, எத்தனை சுற்று, எந்த முறை, யார் எத்தனை புள்ளி, டைபிரேக் உண்டா, முதல் பரிசு எவ்வளவு, தலைப்பெழுத்தோடும் ஊரோடும் பெயர்கள். ஐந்து நிமிட வேலை. ரேட்டிங் போட்டிகளின் இறுதிப் பட்டியல் பெரும்பாலும் அன்று மாலையே செஸ்-ரிசல்ட்ஸ் இணையதளத்தில் ஏறிவிடும், அதையும் பாருங்கள். எங்கள் பங்குக்கு, இனி நாங்கள் நடத்தும் போட்டிகளின் பேனரில் 'ஃபிடே ரேட்டிங் போட்டி' என்று மட்டும் போடுவோம். பரிசளிப்பு முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் இந்த விவரங்களை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவோம்.

ரேட்டிங்குக்கு 'ரேட்டிங்' அல்லது 'தரப்புள்ளி', இடத்துக்கு 'தரவரிசை' என்று பிரித்து எழுதுங்கள். காய்களுக்கு ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்று ஒரே பெயர்த் தொகுதியை உங்கள் ஆசிரியர் குழு முடிவுசெய்து, எல்லாப் பதிப்புக்கும் அனுப்புங்கள்.

ஆட்டக் குறிப்பைத் தொலைபேசியில் கேட்டு எழுத வேண்டாம். ஆட்டத் தாளின் படத்தையோ கணினிக் கோப்பையோ கேளுங்கள், அனுப்புகிறோம். அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை கணினியில் ஆடிப்பாருங்கள்; நடக்க முடியாத நகர்வை அதுவே காட்டிவிடும். புதிர்ப் படங்களுக்கும் இதே சோதனை. சதுரங்கம் ஆடும் ஸ்டாக்ஃபிஷ் நிரல் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆட்டம் நடக்கும்போது எந்தப் பிள்ளையையும் வெளியே அழைக்க வேண்டாம் என்று உங்கள் நிருபர்களுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

பள்ளி திறந்த பின் ஒரு சனிக்கிழமை, மாவட்ட நிருபர்களுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இராமநாதபுரத்தில் எந்த இடம் சொன்னாலும் போர்டு, கடிகாரம், ஆட்டத் தாள்களோடு வருகிறோம். ஸ்விஸ் முறையில் ஐந்து சுற்று நிருபர்களையே ஆடவைத்து, ஜோடி சேர்ப்பதிலிருந்து டைபிரேக் வரை அவர்கள் கையாலேயே கணக்குப் போடவைப்போம். கட்டணம் எதுவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று: வாரம் ஒரு நாள், மாவட்டப் பக்கத்தில் உள்ளங்கை அளவு இடம். ஒரு புதிர், அடுத்த வாரம் அதன் விடை. சரிபார்த்துத் தருவது எங்கள் பொறுப்பு. இந்த மாதத்துக்குள் பதில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
தொண்டி முதல் இராமேசுவரம், சாயல்குடி வரை சதுரங்கம் கற்றுத்தரும், போட்டி நடத்தும், நடுவர் பணி செய்யும் நாங்கள்